மதுரை வழி: 413

24-10-2008, வெள்ளி

ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்தால் விமானக் கம்பெனியின் பேக்ஸ் ஒன்று கிடக்கிறது. மதுரை–சென்னை காலை விமானம் அடுத்த வாரத்திலிருந்து இல்லையாம். எண்ணெய் விலை, ஆள் ஏறவில்லை, அதே பழைய பாட்டு. ஆள் ஏறவில்லையா? எங்கள் கம்பத்தில் தெருவுக்குப் பத்துப் பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள். அத்தனை பேரும் குமுளி ஏறி, கொச்சியில் போய் விமானம் பிடிக்கிறார்கள். பிறகு மதுரையில் எவன் ஏறுவான்?

மிக்கேல் சாருக்குப் போன் போட்டுக் கத்தினேன். ராயப்பன்பட்டியில் வாத்தியாராக இருந்தவர். மதுரையிலிருந்து நேரே வளைகுடாவுக்கு விமானம் கேட்கும் எங்கள் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். "கத்தி என்ன செய்ய கலீல்? எத்தனை தலை ஏறுதுன்னு காட்டச் சொல்றாக. காட்டுவோம்," என்றார்.

அதற்காகத்தான் மேஜைக்கு மேலே அட்டை தொங்குகிறது. என் கடையில் டிக்கெட் போட்டு மதுரையில் ஏறியவர்கள், இன்று வரை 398.

17-11-2008

தங்கச்சி ரெஹானாவும் மாப்பிள்ளை ஆரிப்பும் வந்தார்கள். அவருக்குக் கால் பரவாயில்லை, தகடு வைத்த இடம் மட்டும் குளிருக்கு வலிக்கிறதாம். கால் முறிந்து ஷார்ஜாவிலிருந்து வந்து ஆறு மாதம் ஆகப் போகிறது. டிசம்பர் 11 இரவுக்குள் அங்கே இறங்க வேண்டும், இல்லையென்றால் விசா செல்லாது. பக்ரீத் 9ஆம் தேதி. அதையும் பிள்ளைகளோடு முடித்துவிட்டு 10ஆம் தேதி கிளம்புகிறேன் என்கிறார்.

ரெஹானா, "அண்ணே, கொச்சிக்கே போட்டுருங்களேன்," என்றாள். சபரிமலை சீசன், குமுளி ரோட்டில் வண்டி நகராது என்றேன். மதுரையில் சாயங்காலம் ஏறினால் சென்னை, அங்கிருந்து விடிவதற்குள் ஷார்ஜா விமானம். மாப்பிள்ளை, "மச்சான் சொன்னாச் சரிதான்," என்று எழுந்துவிட்டார்.

சீசன் நெரிசல் பொய்யில்லை. ஆனால் அதற்காக மட்டுமா சொன்னேன்?

9-12-2008

பெருநாள். குர்பானி கறியைப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்தேன். நாளைக்கு நேரம் இருக்காது. மாப்பிள்ளையையும் சேர்த்து, அட்டையில் 412ஐ அடித்து 413 என்று இப்போதே எழுதிவிட்டேன்.

10-12-2008, மதுரை விமான நிலையம், மாலை 5.40

ரத்து.

தொழில்நுட்பக் கோளாறாம். உள்ளே ஏறுவதற்குப் பதினோரு பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு பேருக்காக எவன் விமானம் ஓட்டுவான் — எனக்குத் தெரியாதா? இத்தனை வருசம் இந்தத் தொழில்ல இருந்துக்கிட்டு இது தெரியாதா எனக்கு? காலையில் வேறு விமானத்தில் ஏற்றுகிறோம் என்கிறான் கவுண்டர்க்காரன். காலையில போயி என்ன செய்யறது? டாக்சி பேசியிருக்கிறேன். சென்னைக்கு எட்டு மணி நேரமாவது ஆகும். அல்லாஹ் லேசாக்கணும்.

12-12-2008

பிடிக்க முடியவில்லை. நாங்கள் தாம்பரம் தாண்டும்போதே கவுண்டரை மூடிவிட்டான். நேற்று முழுக்க ஒவ்வொரு கம்பெனி ஜன்னலாக நின்றேன். பெருநாள் முடிந்து திரும்புகிற கூட்டம். கிடைத்த ஒரே சீட்டு 12ஆம் தேதி போய் இறங்குவது. இறங்கி? மாப்பிள்ளை நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எனக்கும் சேர்த்து டீ வாங்கி வைத்திருந்தார். திட்டியிருக்கலாம்.

பக்கத்துத் தெரு சம்சுதீன் அதே பத்தாம் தேதி கொச்சி வழியாகப் போனவன். ஷார்ஜாவிலிருந்து போன் செய்தான். குமுளியில் இரண்டு மணி நேரம் நின்றானாம், அவ்வளவுதான்.

20-12-2008

மாப்பிள்ளையின் கம்பெனி பதில் சொல்லிவிட்டது. அங்கேயே ஆளைக் குறைக்கிறார்களாம், புது விசா கிடையாது.

ரெஹானா வாசலில் நின்றே பேசினாள். "அட்டையில ஒரு நம்பரு ஏத்துறதுக்கு என் வீட்டுக்காரரா கெடச்சாரு?"

3-2-2009

விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் மாப்பிள்ளையைப் பார்த்தேன். பின்னால் நெருக்கிக்கொண்டு, தகடு வைத்த காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் காலோடு மலை ஏறி இறங்குகிறார். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நான் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். சீ.

19-8-2009

இந்த மாதம் விமான டிக்கெட் ஒன்றுகூட இல்லை. ரயில் டிக்கெட்டும் ஜெராக்ஸும்தான் கடை.

13-9-2010, திங்கள்

மதுரையில் புது டெர்மினல் திறந்துவிட்டார்கள். பேப்பரில் பெரிய படம், கண்ணாடியும் பளிங்குமாக.

காலையில் மாப்பிள்ளை வந்தார். கத்தார் விசா கிடைத்துவிட்டது, இன்றைக்கே பயணம். "கோவிச்சுக்கிறாதீக மச்சான். டிக்கெட்ட வேற ஆளுகிட்டப் போட்டுட்டோம். ரெஹானாதான்..." என்று நிறுத்தினார். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். கொச்சி–தோகா. பேர், பாஸ்போர்ட் நம்பர், நேரம், எல்லாம் சரி. ஒரு தப்பாவது இருக்காதா என்று மறுபடியும் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பார்த்தேன்.

வழியனுப்பப் போகிற வேனில் எனக்கும் ஒரு சீட்டு வைத்திருக்கிறார்களாம். ரெஹானா சொல்லி அனுப்பினாளா, அவரே சொன்னாரா, கேட்கவில்லை.

அவர் போனதும் மிக்கேல் சார் போன். வெளிநாட்டு விமானம் கேட்டுத் திரும்ப ஒரு மனு எழுதுகிறாராம். "நம்ம கடைக் கணக்கு எத்தனை கலீல்?" என்றார். அட்டை இன்னும் அங்கேதான் தொங்குகிறது, மாப்பிள்ளைக்குப் பிறகு மதுரை வழி யாருக்கும் போடவில்லை. 413.

"நானூத்திப் பன்னெண்டு சார்," என்றேன்.

வேன் வந்து ஹாரன் அடிக்கிறது. குமுளி வழியாகப் போகிறோம்.