கேள்வித்தாள் வராத காலாண்டு

14.9.87, திங்கள்
ஐந்தாம் வகுப்பு மாதத் தேர்வைத் திருத்தி முடித்தேன். கண்ணகிக்குக் கணக்கில் நூற்றுக்கு ஒன்பது. போன வருஷமும் இப்படித்தான். மார்க் அட்டையில் வழக்கம்போல ‘கவனம் போதாது’ என்று எழுதினேன்.

17.9.87, வியாழன்
இட ஒதுக்கீடு கேட்டு இன்று சாலை மறியல். பஸ் இல்லை. எலவனாசூர்கோட்டையிலிருந்து பள்ளிக்கு மூன்று மைல் நடந்தேன். வழியில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மறித்து உட்கார்ந்திருந்தவர்களில் கண்ணகியின் அப்பா பழனியும் இருந்தார். “டீச்சரம்மாவ வுடுங்கப்பா” என்று கிளையைத் தூக்கிப் பிடித்தார். நான் குனிந்து போகையில் மெதுவாகக் கேட்டார்: “புள்ளங்க காலேஜுக்குப் போவணும்னுதாங்க உக்காந்துகினு இருக்கோம். எம் பொண்ணு எப்பிடிங்க படிக்குது?”
“படிக்கிறா” என்றேன். அந்த இடத்தில் வேறென்ன சொல்வது?

18.9.87
நேற்று சாயங்காலம் எட்டுப் பேரைப் போலீஸ் பிடித்துப்போனதாம். பழனியும்.

21.9.87, திங்கள்
காலாண்டுத் தேர்வு தொடங்கவேண்டிய நாள். மறியலால் கள்ளக்குறிச்சியிலிருந்து கேள்வித்தாள் வரவில்லை. வந்த பிள்ளைகள் பதினொரு பேர். சும்மா உட்காரவைக்க மனமில்லை. “ஆளுக்கு ஒரு கணக்கு நீங்களே கேளுங்க. ஆனா விடை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்” என்றேன். பெரும்பாலும் புத்தகத்துக் கணக்குகள்தான், எண்ணை மட்டும் மாற்றி. கண்ணகி கடைசியாக எழுந்தாள்.

“பத்து ஆளு நாலு நாளுல கரும்பு வெட்டி முடிப்பாங்க டீச்சர். ரெண்டு பேர ஜெயில்ல போட்டுட்டாங்க. மீதிப் பேரு வெட்ட எத்தினி நாளு ஆவும்?”

யாரும் சிரிக்கவில்லை. எப்போதும் முதல் மார்க் வாங்கும் சுபஸ்ரீ மூன்று நாள் என்றாள்.

“ஆளு கம்மியானா நாளு ஜாஸ்திதான் ஆவும். அஞ்சு.”

சரிதான். நான் இன்னும் நடத்தாத பாடம். ஒன்பது மார்க் பெண் இவள் —
இத்தனை நாளாக நான் எதைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன்?

24.9.87, வியாழன்
கண்ணகியின் அம்மா அம்சவள்ளி வந்தாள். “அவரு வர்ற வரைக்கும் இவளும் களையெடுக்க வரட்டுங்க. மார்க்குதான் வரலியே, ரஜியா டீச்சர்.” வரவில்லை என்று எழுதி அனுப்பியதே நான்தானே. காலாண்டு முடியட்டும் என்று கெஞ்சினேன். அரை மனசாகத் தலையாட்டினாள்.

12.10.87, திங்கள்
ஒருவழியாகக் கேள்வித்தாள் வந்தது. கணக்குப் பரீட்சை. கண்ணகியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் எழுத்தாக விரலை நகர்த்தினாள். அரை மணி நேரம் கழிந்தும் முதல் கேள்வியிலேயே இருந்தாள். பக்கத்தில் போனேன்.

“இன்னா போட்டிருக்குன்னே தெரில டீச்சர்.”

கணக்கு வருகிறது. வாசிக்கத்தான் வரவில்லை. இரண்டு வருஷம் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், எனக்கு இது தெரியவில்லை.

வகுப்பின் முன்னால் நின்று, ஒவ்வொரு கேள்வியையும் எல்லாருக்குமாக இரண்டு முறை உரக்க வாசித்தேன். தலைமையாசிரியர் செல்லமுத்து வாசலில் நின்று பார்த்தார். மணி அடித்ததும் கூப்பிட்டார்.

“படிச்சுக் காட்டினா அது பரீட்சையா டீச்சர்?”

“கணக்குப் பரீட்சைதானே சார். படிக்கத் தெரியுதான்னு தமிழ்ல பாத்துக்கலாம்.”

“இன்ஸ்பெக்டர் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்” என்றார். சொல்கிறேன் என்றேன்.

16.10.87, வெள்ளி
கண்ணகி: கணக்கு 64. தமிழ் 11.
அம்சவள்ளியிடம் அறுபத்து நாலைக் காட்டினேன். “தப்பா போட்டுட்டீங்களா?” என்றாள்.
“இத்தனை நாளாத்தான் தப்பாப் போட்டேன்.”
திங்கள் முதல் பள்ளி விட்டதும் அரை மணி நேரம் கண்ணகிக்கு வாசிப்பு. அம்மா சம்மதித்துவிட்டாள்.

9.11.87
இன்று ஒரு முழு வரி வாசித்தாள். நடுவில் மூன்று முறை அழுகை. ஒரு முறை எனக்கும்.

4.1.88, திங்கள்
அரையாண்டு மார்க் அட்டை வாங்கப் பழனி வந்தார். ஜெயிலிலிருந்து வந்தபின் இன்னும் உடம்பு தேறவில்லை. “இன்னா போட்டிருக்குன்னு நீங்களே சொல்லுங்க டீச்சர்” என்றார். நான் அட்டையைக் கண்ணகியிடம் கொடுத்தேன்.

“கணக்கு, எழுபத்து ஒன்று. தமிழ், முப்பத்து ஒன்று.” விரல் கடைசி வரிக்கு இறங்கியது. “தமிழில் தேர்ச்சி பெறவில்லை.”

ஓர் எழுத்திலும் தடுமாறவில்லை.

“முப்பத்தஞ்சு வாங்கினா பாசுப்பா. இன்னும் நாலுதான்” என்று அட்டையை என்னிடம் திருப்பி நீட்டினாள்.