ஜூன் பதினைந்துக்கு முன்

கோல்டர் க்ரீக், ஐடஹோ
மே 29

கர்த்தருக்குள் பிரியமான ரோய்ஸ் அண்ணனுக்கு,

தங்கை ஓபல் எழுதுவது. முழங்கால் வலி தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. மனம்தான் சரியில்லை. அலபாமாவில் வெயில் தொடங்கியிருக்கும். காதுக் கருவியை மாட்டவே மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாய் என்று உன் மகள் சொன்னாள். அதனால்தான் தொலைபேசியில் கூப்பிடாமல் எழுதுகிறேன். உனக்குக் கேட்கும்படி நான் கத்தினால் ஊருக்கே கேட்கும். ஊருக்குக் கேட்க வேண்டிய விஷயம்தான் இது, ஆனால் முதலில் நீ தெரிந்துகொள்.

முதலில் நல்ல செய்தி. நம் மலைப்பாதை ஜீப் ஐக்கியத்தில் இந்த வசந்தத்தில் ஒரு தம்பதி சேர்ந்தார்கள். நெப்ராஸ்காவிலிருந்து குடிவந்தவர்கள். மனைவி பெயர் ஜோலின். இரண்டு வருடமாக இந்தப் பக்கம் முழுக்கத் தேடினார்களாம். அகப்பட்ட ஜீப் கூட்டமெல்லாம் ஒன்று குடிக்கிற கூட்டம், இல்லாவிட்டால் வேலியை மிதித்துக்கொண்டு போகிற கூட்டம். "ஜெபமும் பண்ணணும், சட்டப்படி திறந்திருக்கிற பாதையிலதான் ஓட்டணும்னு இருக்கிற ஆளுங்க எங்கயாவது இருக்காங்களான்னு அலைஞ்சோம் ஓபல்க்கா. கடைசில உங்களைக் கண்டுபிடிச்சோம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் பூரித்துப் போனேன். உன்னைப் பற்றியும், பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நீ இந்த ஐக்கியத்தை ஆரம்பித்த கதையையும் அரைமணி நேரம் அளந்தேன். அந்த அரைமணி நேரத்தை இப்போது திருப்பி வாங்கிக்கொள்ளத் தோன்றுகிறது.

மே பதினேழு, சனிக்கிழமை. ஈவ்லின் அண்ணி போய் நான்கு வருடம். அன்றைக்கு முகட்டில் இருக்கிற தன் அம்மாவின் நினைவுக்கல்லுக்குப் போகலாம் என்று, இப்போது ஐக்கியத்தை நடத்துகிற உன் மகன் டால்டன் எல்லோரையும் கூப்பிட்டான். முகட்டுக்குப் போகும் பாதை ஜூன் பதினைந்து வரை மூடல் என்பது உனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். பனி உருகி மண் சேறாகக் கிடக்கிற காலம். இருந்தாலும் பாதையை அடைக்கிற இரும்புக் கதவு வரைக்கும் போய், அங்கே நின்று ஜெபித்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் சொன்னான். பத்து வண்டிகள். நான் எப்போதும் போலக் கடைசி வண்டி.

நீ வைத்த ஒழுங்கு என்ன? முதலில் வனத்துறை வரைபடத்தை வண்டி முகப்பில் விரித்து ஆளுக்கொரு விரல் வைத்துப் பார்ப்பது, அப்புறம் ஜெபம், அதற்கப்புறம்தான் சாவி. டால்டன் அன்று வரைபடத்தை வெளியே எடுக்கவே இல்லை. நேராக ஜெபத்துக்குப் போனான். கதவுக்கு முன்னால் வட்டமாக நின்று கை கோத்தோம். அம்மாவின் பெயரைச் சொல்லி ஜெபித்தான். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், சங்கிலி பூட்டில்லாமல் தொங்குகிறது.

அவ்வளவுதான். "கர்த்தர் வாசலைத் திறந்துட்டார்" என்றான் உன் மகன். இரண்டு மூன்று பேர் அல்லேலூயா என்றார்கள். ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். ஜோலின் மட்டும் தன் வண்டியிலிருந்து வரைபடத்தைக் கொண்டுவந்து, "இதுல ஜூன் பதினைஞ்சுன்னு போட்டிருக்கே, தம்பி?" என்று கேட்டாள். டால்டன் சிரித்தான். "அது மனுஷன் போட்ட தேதி, சிஸ்டர். இது ஆவியானவர் போட்ட தேதி" என்றான்.

ஜோலினும் அவள் கணவனும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மற்ற ஒன்பது வண்டியும் உள்ளே போயிற்று. ஒன்பதாவது என்னுடையது.

அண்ணா, கடைசி வண்டி "நில்" என்று ரேடியோவில் சொன்னால் முதல் வண்டி காரணம் கேட்காமல் நிற்க வேண்டும். அதுவும் நீ வைத்த விதிதான். ரேடியோ என் மடியில்தான் இருந்தது. டால்டன் என் பக்கம் வந்து, "அம்மாவைப் பார்த்துட்டு வந்துடலாம் அத்தை" என்று சொன்னபோது அவன் முகம் பத்து வயதில் இருந்த மாதிரியே இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். கதவைக்கூட ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போனேன், வழக்கப்படி.

இரண்டு மைலில் பாதையை மறித்துக்கொண்டு பனிக்குவியல். நியாயமானவன் அங்கேயாவது திரும்புவான். உன் மகன் புல்வெளியில் இறங்கிச் சுற்றிப் போகப் பார்த்தான். அண்ணி கல்லுக்கு நேர் கீழே, ஊற்றுக்கண் இருக்கிற அதே புல்வெளி. அவன் வண்டி அதன் கதவு மட்டத்துக்கு அமிழ்ந்தது. அவனை இழுக்கப் போன இரண்டு வண்டியும் அமிழ்ந்தன. மற்றவர்கள் அங்கேயும் இங்கேயும் உருட்டி இன்னும் உழுதார்கள். முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம், ஒரு கால்பந்து மைதான நீளத்துக்கு. ஊற்றுத் தண்ணீர் பழுப்பாக அந்தப் பள்ளம் வழியே ஓடுவதை நான் நின்று பார்த்தேன்.

அப்போது மேலேயிருந்து மரம் அறுக்கிற ரம்பத்தின் சத்தம் நின்றது. இறங்கி வந்தது யார் என்று நினைக்கிறாய்? மெர்ல் ஹாக்கெட். பியர் டப்பாவோடு பாதையில் வந்தான் என்று பத்து வருடத்துக்கு முன்னால் நீ ஐக்கியத்திலிருந்து நீக்கினாயே, அதே மெர்ல். பாதையில் விழுந்த மரங்களை அறுத்து ஒதுக்குகிற ஒப்பந்தம் இந்த வருடம் அவனுக்கு. சாவி அவனிடம்தான். காலையில் உள்ளே போனவன் பூட்டைப் போட மறந்திருக்கிறான். நம்மவர்கள் கண்ட அற்புதம் இதுதான்.

அவன் எங்களையும் சேற்றையும் மாறி மாறிப் பார்த்தான். "இத்தனை பேர் இருக்கீங்க, ஜெபம் பண்ணியே தூக்கிடலாமே?" என்றான். சொல்லிவிட்டுத் தன் லாரியைக் கொண்டுவந்து, மரத்தில் கயிற்றைக் கட்டி, லாரியின் வின்ச் உருளையைச் சுழற்றி மூன்று வண்டியையும் ஒவ்வொன்றாக வெளியே இழுத்தான். மூன்று மணி நேரம். அவனுடைய டயர் தடமும் அந்தச் சேற்றில் பதிந்தது. டால்டன் அவனுக்கு ஒரு நன்றி சொல்லவில்லை. திரும்பும்போது "கர்த்தர் உதவி அனுப்பினார்" என்று ரேடியோவில் சொன்னான். சீ என்றிருந்தது எனக்கு.

இதுவரை நடந்தது முட்டாள்தனம். இனிமேல் நடந்ததுதான் எனக்கு அருவருப்பு.

அடுத்த வாரம் வனத்துறை அலுவலர் புல்வெளியைப் பார்த்திருக்கிறார். சாவி ஒருவனிடம்தான், மேலாகத் தெரிந்த தடமும் அவன் லாரியினுடையது. மெர்லை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஜூன் பன்னிரண்டு விசாரணை. ஒப்பந்தம் போனால் அவனுக்கு விறகு வெட்டுகிற அனுமதியும் போகும். ஒற்றைக் கை விளங்காத மனைவியை வைத்துக்கொண்டு அவன் வேறென்ன வேலைக்குப் போவான்?

நேற்றுப் புதன்கிழமை ஜெபக்கூட்டம். இதைப் பற்றி யாராவது எழுந்து பேசுவார்கள் என்று காத்திருந்தேன். டால்டன் எழுந்தான். "நம்ம மலையை யாரோ பாழாக்கியிருக்காங்க. அந்த மனுஷன் மனம் திரும்பணும்னு ஜெபிப்போம்" என்றான். ஜெபித்தார்கள், அண்ணா! கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மெர்லின் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். முடிந்ததும் சீஸ் போட்ட உருளைக்கிழங்கைத் தட்டில் அள்ளிக்கொண்டார்கள். நான் டால்டனைச் சமையலறைக்கு இழுத்துக் கேட்டேன். "வெளியே தெரிஞ்சா ஊர் முன்னால நம்ம சாட்சி கெட்டுப்போயிடும் அத்தை. ஐக்கியத்தை நினைச்சுப் பாருங்க" என்றான். கையில் இருந்த தட்டைக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்றே மெர்ல் வீட்டுக்கும் போனேன். எங்கள் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "காட்டிக்குடுக்கிற வேலை எனக்கு வராது ஓபல். அது உங்க ஆளுங்களுக்குத்தான் கைவந்தது" என்றான். வாசலில் நின்றபடியேதான் பேசினான். உள்ளே கூப்பிடவில்லை.

அண்ணா, டால்டன் என் பேச்சைக் கேட்கவில்லை. உன் பேச்சைக் கேட்பான். பன்னிரண்டாம் தேதிக்குள் அவனுக்கு ஒரு வார்த்தை எழுது. போய் உண்மையைச் சொல் என்று மட்டும் எழுது, போதும். கர்த்தர் உன் கைக்கு அந்தப் பெலனைத் தரட்டும்.

உன் தங்கை,
ஓபல்

*

கோல்டர் க்ரீக்
ஜூன் 13

அண்ணனுக்கு,

உன் கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. மொத்தம் நான்கு வரி. பையன் தாயை இழந்தவன், விட்டுவிடு. மெர்லுக்கு வேறு வேலை கிடைக்கும். ஐக்கியத்தின் பெயரைத் தெருவுக்கு இழுக்காதே. முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள். உன் கையெழுத்துதானா என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உன்னுடையதுதான். வாழ்க்கையில் முதல்முறையாக உன்மேல் எனக்கு வெறுப்பு வந்தது. சொல்லாமல் மறைத்தால் நானும் அந்த ஜெபக்கூட்டத்து ஆள்தான், அதனால் சொல்கிறேன்.

நேற்று விசாரணைக்குப் போனேன். ஒரு மேசை, அதற்கு முன்னால் ஒரு வரிசை நாற்காலி, ஓர் ஓரத்தில் மெர்ல் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவியும் வந்திருந்தாள். ஜோலின் எனக்கு முன்னாலேயே வந்து, அன்று தான் திரும்பிப் போனதையும் கதவு திறந்திருந்ததையும் சொல்லி முடித்திருந்தாள். யார் யார் உள்ளே போனார்கள் என்பதை அவள் சொல்லவில்லையாம். "அதைச் சொல்ல வேண்டியவங்க வருவாங்கன்னு நினைச்சேன்க்கா" என்றாள். வரிசையாகக் கிடந்த காலி நாற்காலிகளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அலுவலர் ஒரு தாளை நீட்டினார். மூடிய பாதையில் போனவர்களின் பெயர், வண்டி எண். எழுதினேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். மெர்ல் இழுத்துவிட வந்தவன்தான் என்பதையும், என் மடியில் ரேடியோ இருந்ததையும் சொன்னேன். எத்தனை வண்டி என்று கேட்டார். ஒன்பது என்றேன். மற்ற எட்டுப் பேர் யார் என்று கேட்டார். அவர்கள் பெயர் அவர்களுக்கே தெரியும் என்றேன். மெர்ல் அப்போதுதான் முதல்முறையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அவன் மனைவி தன் பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் அங்கே போய் உட்கார்ந்தேன்.

இன்னும் முடியவில்லை. ஒரு கிழவி வந்து சொன்னதை மட்டும் வைத்து அவன் ஒப்பந்தத்தைத் திருப்பித் தர முடியாதாம். மாதக் கடைசி வரை பார்ப்பார்களாம். அந்தத் தாளில் என் பெயருக்குக் கீழே எட்டு வரி வெறுமையாகக் கிடக்கிறது. அது அலுவலகத்தில் முன் மேசையிலேயே இருக்கிறது. எட்டு மணிக்குத் திறக்கிறார்கள், நாலரைக்கு மூடுகிறார்கள்.

வண்டியை உள்ளே விடாமல் கையாலேயே புல்வெளியைச் சரிசெய்யலாமா என்று கேட்டேன். செய்யலாம், கதவு திறக்கிற நாளிலிருந்து, நடந்து போய் என்றார். நாளை மறுநாள் ஞாயிறு, ஜூன் பதினைந்து. நான் ஆராதனைக்குப் போகவில்லை. ஜோலின், அவள் கணவன், மெர்ல், நான், நாலு பேரும் கதவுக்கு வெளியே வண்டிகளை நிறுத்திவிட்டு மண்வெட்டியோடு நடக்கப் போகிறோம். ஜோலின் ஏற்கெனவே வரைபடத்தை விரித்து எல்லோரையும் விரல் வைக்கச் சொன்னாள். மெர்லும் வைத்தான். "ஜெபம் நீ பண்ணு, நான் தொப்பியைக் கழட்டிக்கிறேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறான்.

அண்ணியின் கல்லை நீயும் நானும்தான் சேர்ந்து நட்டோம். எந்தப் பக்கம் பார்த்து நட்டோம் என்பது உனக்கு மறந்திருக்காது. அங்கிருந்து நேர் கீழே தெரிவது அந்தப் புல்வெளி ஒன்றுதான்.

டால்டனுக்கு எழுது, அண்ணா. இந்தமுறை நான்கு வரி போதாது. அலுவலகத்துக்கு வழி அவனுக்குத் தெரியும் என்று எழுது. அங்கே போய்விட்டு மலைக்கு வரச் சொல். மண்வெட்டியை அவனே கொண்டுவர வேண்டும். மற்றபடி அத்தை அவனுக்கும் சேர்த்து ரொட்டி கட்டி எடுத்துக்கொண்டு போவாள், சாயங்காலம் வரை காத்திருப்பாள்.

கர்த்தர் உன்னையும் என்னையும் மன்னிப்பாராக.

ஓபல்