பொன்னாடை திரும்பி வந்த மாசி

முதலும் முடிவுமாய் நின்று, இடையில் நாங்கள் தவிப்பதைப் பார்த்திருக்கும் பெருமானே, உன் தாள் போற்றி. பொய் எழுதாதிருக்க மட்டும் துணை நில்.

மாசி 3, செவ்வாய்

காலையிலேயே கொடும் வெயில். செம்பனைத் தோட்டத்துக்கு மேல் புகை மூட்டம். சுவா ஊர்ப் பக்கம் யாரோ சருகு எரிக்கிறார்கள். நீராடல், திருநீறு, ஒரு பதிகம். தொண்டை வறண்டு பாதியில் நிறுத்தம். அளந்த நீருக்கு மேல் ஒரு மிடறும் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. சிறுநீரகம் போனவனுக்குத் தாகமும் ஒரு விரதம்.

லுக்குட் நிலையத்தில் இரத்தச் சுத்திகரிப்பு. செவ்வாய், வியாழன், சனி. என் இளைய மகள் கோமதிக்கு அங்கேயே வேலை, உதவியாள். படுக்கை விரித்தல், எடை பார்த்தல், நாற்காலி தள்ளல். ஊசியைத் தொட அனுமதி இல்லை. படையின் மருத்துவப் பிரிவில் தன் இளமை முழுவதும் இருந்தவள். ஓடும் லாரியில் நரம்பு தேடி ஊசி ஏற்றியவள். ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தாள். அந்தப் படிப்பு வாசலோடு நின்றுவிட்டது. தாதியர் வாரியத்தின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் தாதி அல்லர்.

தலைமைத் தாதி ரெஜினா மிஸி, பதிவுபெற்ற தாதிக்கான ஓர் இடத்தைக் கோமதிக்காகக் காலியாகவே வைத்திருக்கிறார். யாழ்ப்பாண வழிவந்த கிறித்தவப் பெண்மணி; நெஞ்சில் கருணை, பேச்சில் கண்டிப்பு.

"மாசக் கடைசி வரைக்கும்தான் அங்கிள் நான் பிடிச்சு வைக்கலாம். பிறகு இன்ஸ்பெக்‌ஷன் வந்தா என்னத்தைச் சொல்லுறது?"

வாங்க வேண்டியவை: கற்பூரம், விளக்குத் திரி, கோ.வுக்குக் கறுப்புக் காலுறை.

மாசி 5, வியாழன்

அதே வெயில்.

கோ. சிரம்பான் போய் வந்தாள். தெமியாங் அருகே வாரிய அலுவலகம். அவள் மனுவைப் பார்ப்பவர் ரொஹானி அம்மையார், மலாய் அதிகாரி; புவான் ரொஹானி என்பார்கள். மனுவின் சாரம் இதுதான்: படையில் பெற்ற பயிற்சியைக் கணக்கில் கொள்க; குறைவதை மட்டும் படிக்கிறேன்; தேர்வு எழுதுகிறேன்.

படைச் சான்றிதழ்களையும் தாதியர் பாடத்திட்டத்தையும் மேசையில் பக்கம் பக்கமாக விரித்து வைத்து ஒப்பிட்டாராம். பெரும்பகுதி பொருந்துகிறது. இரண்டு இடத்தில்தான் ஓட்டை: பிரசவம், குழந்தை மருத்துவம். அரையாண்டு மருத்துவமனைப் பயிற்சி போதும் என்று அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தானே எடுத்துரைப்பதாகச் சொன்னாராம். இப்படி ஒரு மனுவுக்காக அங்கே இதற்கு முன் யாரும் வாய் திறந்ததில்லையாம்.

பிரசவம் அவளுக்குப் புதிதன்று. கிழக்குக் கரை வெள்ளத்தில் மீட்புப் படகிலேயே ஒரு குழந்தையை எடுத்திருக்கிறாள். ஆனால் உடனிருந்து பார்த்தவர்கள் துடுப்புப் போட்ட சிப்பாய்கள். பதிவுபெற்ற மருத்துவச்சி யாரும் இல்லை. ஆகவே ஏட்டளவில் அந்தக் குழந்தை பிறக்கவில்லை.

சோறு உண்ணும்போது கோ. சிரித்தாள். படையிலிருந்து வீடு திரும்பியபின் நான் கண்ட முதற் சிரிப்பு.

மாசி 6, வெள்ளி

முனியாண்டி வந்தான். மாரியம்மன் கோவில் செயலாளர். லுக்குட்டில் மோட்டார் பட்டறை. ஞாயிறு திருவிழாவுக்கு ஒப்புக்கொண்ட சட்டமன்ற உறுப்பினர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டாராம். அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை, அதைவிடப் பெரிய ஆள் கிடைத்துவிட்டார் என்றான். புவான் ரொஹானியின் கார் அவன் பட்டறையில் நிற்கிறது. வந்து பாருங்கள் என்று அழைத்திருக்கிறான். பால்குடம் பார்த்ததே இல்லை, வருகிறேன் என்றாராம்.

"ஐயா, நீங்க ஒரு வாழ்த்துப்பா எழுதிக் குடுங்க. கண்ணாடி போட்டுக் குடுத்துருவோம். வெறும் மாலையோட அனுப்பினா நம்ம தோட்டத்துக்கு அசிங்கம்லா."

கோமதிக்குச் சொல்லாதீர்கள், மேடையில் பார்த்து மகிழட்டும் என்றான். எனக்கும் அது இனிமையாகப் பட்டது.

வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது இத்தோட்டத்தின் வழக்கமன்று. துரை வந்தாலும் மாலை, மந்திரி வந்தாலும் மாலை, பள்ளிக்கு நாற்காலி கொடுத்த சீனக் கடைக்காரருக்கும் பொன்னாடை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலந்தொட்டு வாழ்த்துப்பா எழுதுவது என் பொறுப்பு. இதை மாமூல் என்று எவரும் சொன்னதில்லை. முறை என்றே சொல்வோம்.

பிற்பகல் முழுவதும் எழுதினேன். எண்சீர் ஆசிரிய விருத்தம். ஈற்றடி தானாக அமைந்தது: எம் மகளுக்கு அடைத்த கதவம் திறக்கும் அன்னையே நீ வாழ்க, என்னும் பொருளில். எதுகை கெடவில்லை. நெடுநாளைக்குப் பின் உள்ளம் நிறைந்தது.

மாசி 8, ஞாயிறு

திருவிழா. பால்குடம் எழுபதுக்குக் குறையாது. வங்காளதேச வேலையாட்களும் ஓரமாக நின்று பார்த்தார்கள். எனக்குப் பிரசாதமாக வந்த பாலை உதட்டில் தொட்டு வைத்தேன்.

புவான் ரொஹானி செருப்பைக் கழற்றிவிட்டு, முக்காட்டைச் சரி செய்துகொண்டு, கூட்டத்தின் கடைசியில் நின்றார். முனியாண்டி விடவில்லை, மேடைக்கு அழைத்துவிட்டான். தாம்பாளத்தில் ஆப்பிள், ஆரஞ்சு, பீசாங் மாஸ் வாழைப்பழம், வெற்றிலை, தேங்காய். பொன்னாடையைத் தோளில் போடாமல் கையில் வாங்கிக்கொண்டார். கண்ணாடி போட்ட என் பாடலும் கொடுக்கப்பட்டது. ஒலிவாங்கியில் நான் ராகத்தோடு பாட, முனியாண்டி ஒவ்வோர் அடியையும் மலாயில் விளக்கினான். ஈற்றடியை இரண்டு முறை விளக்கினான். பலத்த கைதட்டல். படம் எடுத்தார்கள், மேடை விட்டு இறங்குமுன்பே எல்லார் கைப்பேசியிலும் வந்துவிட்டது.

புவான் புன்னகை செய்தார். ஆனால் அவர் கண்கள் கூட்டத்தில் யாரையோ தேடின.

கோ. முதலுதவி மேசையில் இருந்தாள். மயங்கிய பெண் ஒருத்தியின் காலைத் தூக்கிப் பிடித்தபடி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகிழ்ச்சி என்று எண்ணினேன்.

வீட்டுக்கு வந்தபின் கேட்டாள்.

"அப்பா, அவங்கதான் என் பைலைப் பாக்குறவங்க. வெள்ளிக்கிழமை மீட்டிங்கு. தெரிஞ்சுதானே செஞ்சீங்க?"

மரியாதை செய்தோம், விலை பேசவில்லை என்றேன்.

"அது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். போட்டோவுக்குத் தெரியுமா?"

மாசி 10, செவ்வாய்

மூட்டம். மழை இல்லை.

சுத்திகரிப்பு முடிந்து வெளியே வந்தால் முனியாண்டி வேனோடு காத்திருக்கிறான். மடியில் ஒரு பை. அதில் பொன்னாடை, மடிப்புக் கலையாமல். அடியில் என் பாடல், கண்ணாடியோடு.

கார் எடுக்க வந்த புவான் தம் கையாலேயே கொடுத்தாராம். பரிசு பெற்றால் மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் விதி, நேற்றே எழுதிவிட்டார். எழுதியபின் இந்த மனுவில் அவர் வாய் திறக்கக்கூடாது. கோப்பு வேறு கைக்குப் போய்விட்டது. பழத்தை மட்டும் திருப்ப முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாராம். அதையும் எழுதிக் கொடுத்தாராம்.

"கோவப்பட்டு ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும் ஐயா. அந்தம்மா என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க."

முனியாண்டி அழுதுவிட்டான். நான் என்ன சொல்லித் தேற்றுவது? மேடை அவன் யோசனை, பாட்டு என்னுடையது. அவர் தோளில் ஏறாத பொன்னாடையைவிட அந்த ஈற்றடியே அதிகம் கனத்திருக்கும்.

கோ.விடம் நானே சொன்னேன். தலையசைத்தாள். சட்டை தேய்க்கப் போய்விட்டாள்.

மாசி 13, வெள்ளி

கோ. சிரம்பானில் கூட்டத்துக்கு. நான் பூசை அறையை விட்டு எழவில்லை. ஓத வாய் வரவில்லை, உட்கார்ந்திருந்தேன்.

மாலை திரும்பினாள். மூவர் இருந்தார்களாம். புவான் இல்லை. கோப்பை அவர்கள் அன்றுதான் பார்த்திருக்க வேண்டும். படையின் பாடப் பெயர்கள் அவர்களுக்கு விளங்கவில்லை. இவள் விளக்கத் தொடங்கினால் அதற்குள் அடுத்த கேள்வி. பிரசவம் பார்த்ததற்கு வார்டுப் பதிவு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள்.

"படகுல ஏது வார்டுன்னு சொன்னேன். சிரிச்சாங்கப்பா. நல்ல மனுசங்கதான்."

உண்ணவில்லை. கேட்டதற்கு, வழியில் ரொட்டி தின்றேன் என்றாள். பொய்.

மாசி 14, சனி

ஊசி குத்தும்போது கண்ணை மூடிக்கொண்டு நினைத்தது.

வாரியத்தை ஏச எனக்கு நாக்கு எழவில்லை. என் இளமையில் பக்கத்துத் தோட்டத்து மருந்தகத்தில் ஒருவன் இருந்தான். பட்டாளத்தில் வேலை பார்த்தவன் என்று அவனே சொல்லிக்கொண்டான். எவரும் கேட்கவில்லை. எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே ஊசி. ரப்பர் பால்வெட்டை மேற்பார்த்த மண்டோரின் மூத்த பையன் அந்த ஊசியில் போனான். பிறகு விசாரித்தால், பட்டாளத்தில் அவன் பார்த்தது சமையல். கேட்பதற்கு ஒரு வாரியம் அன்று இருந்திருந்தால் அந்தப் பையன் இன்று பேரன் எடுத்திருப்பான்.

ஆகவே காவல் வேண்டும். கதவு வேண்டும். ஆனால் கதவென்றால் திறக்கவும் வேண்டுமே, ஆண்டவனே. பொய்யனையும் என் மகளையும் ஒரே தாழ் தடுக்கிறது.

திறக்க ஒருத்தி கை நீட்டினாள். அந்தக் கையில் தேங்காயும் வெற்றிலையும் வைத்தவர்கள் நாங்கள்.

எடை கூடுதல். நீர் குறைக்கச் சொன்னார் மிஸி.

மாசி 18, புதன்

பதில் வந்தது. கைப்பேசியில். கோ. படித்துத் தமிழில் சொன்னாள், வேறு யாருக்கோ வந்ததைச் சொல்வதுபோல.

- படைப் பயிற்சிக்கு விலக்கு எதுவும் இல்லை.
- விரும்பினால் கல்லூரியில் முதலாண்டிலிருந்து சேரலாம்.
- சேர்வதற்கான வயது வரம்பைக் கடந்துவிட்டார்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் ஒருவர் மூச்சுவிடக்கூட இடமில்லை.

முனியாண்டி ஓடிவந்தான். சட்டமன்ற உறுப்பினரைப் பார்ப்போம், கையெழுத்து வாங்குவோம், பத்திரிகையில் போடுவோம் என்றான். கோ. அவனுக்குத் தேநீர் கலக்கிக் கொடுத்தாள்.

"வேண்டாண்ணே. போதும். அந்தம்மா பேரு திரும்பவும் வெளிய வரும். எனக்காகப் பேச வந்த ஒரே ஆளு அவங்க."

தேநீரைக் குடிக்காமல் போனான்.

மாசி 21, சனி

நிலையத்தில் புதுத் தாதி. கோ.வுக்கென வைத்திருந்த இடம்தான் என்று மிஸி என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்; குரல் தாழ்ந்திருந்தது. அவரைக் குறை சொல்வதற்கில்லை, காத்திருந்தார்.

பெண் இளையவள், கிளந்தானைச் சேர்ந்தவள். என் கையைப் பிடித்து, கேட்டுவிட்டு, மெதுவாகக் குத்தினாள். வலிக்கவில்லை. கை பழகிய பெண். ஏதேனும் பிழை செய்திருந்தால் மனத்துக்கு ஒரு பிடிமானம் கிடைத்திருக்கும். அதுவும் இல்லை.

கோ. என் காலடியில் போர்வையைச் சரி செய்தாள். புதியவளுக்குப் பஞ்சு எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தாள்.

மாசி 22, ஞாயிறு

கோ. நிலைய வேலையை விடுகிறாள். போர்ட் டிக்சன் கடற்கரையில் ஓர் அடுக்குமாடி, பாதுகாவலர் வேலை. படையில் இருந்தவர்களுக்கு உடனே கொடுக்கிறார்கள். அங்கே மட்டும் படைப் பயிற்சி முழுமையாக ஏற்கப்படுகிறது. நேர்காணலும் இல்லையாம், சல்யூட் அடிக்கச் சொல்லிப் பார்த்தார்களாம்.

சீருடை கொண்டுவந்தாள். வெளிர்நீலச் சட்டை, தோளில் பொய்ப் பட்டை. தேய்த்து மாட்டினாள். மாட்டியபின் என் அருகே தரையில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கக் கூடாது."

கேள் என்றேன்.

"இனிமே எனக்காக யாரையும் பாடாதீங்க. சாமியைக் கூட."

சரி என்று சொல்லிவிட்டேன்.

மாசி 24, செவ்வாய்

முதல் மழை, விடியுமுன். மண் நனையவில்லை.

கோ. இருட்டோடு கிளம்பினாள். மழையுறைக்குள் சீருடை. மோட்டார்சைக்கிள் சத்தம் பெருஞ்சாலைவரை கேட்டது. நிலையத்துக்கு இனி முனியாண்டி வேனில்தான் நான்.

விளக்கேற்றினேன். அவளுக்காகக் கேட்பதில்லை என்று வாக்குக் கொடுத்தாயிற்று. பதிகம் எடுத்தால் நாக்கு அவள் பெயரிலேயே போய் நிற்கும். ஆதலால் ஓதவில்லை. பிறர்க்காகக் கேட்கத் தடை இல்லை. இவ்வேட்டைக் கையில் எடுப்பவர் எவராயினும் நீர் வாழ்க. உம் இல்லம் தழைக்க. உம் வீட்டுப் பெண் எங்கே எதைக் கற்றாலும், கற்ற அளவுக்கு ஒருவர் அவளை ஏற்றுக்கொள்க.

வேன் வந்துவிட்டது.