மஞ்சுளாவின் மூன்று புள்ளிகள்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ஓசூர்க் குளிர். கம்பெனி பஸ் லேட்.

பேப்பரில் விளம்பரம்: பெங்களூரில் ஆராய்ச்சி வேலை. உலோகம் ஏன் விரிசல் விடுகிறது என்று பார்க்கும் பிரிவு. ஒரே ஒரு காலியிடம். அறிவியல், பொறியியலில் அலசிப் பார்க்கும் திறமை வேண்டுமாம். நாமே அளந்த அளவுகளை வைத்து ஒரு கிராஃப், இரண்டு பக்க விளக்கம். வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும். எனக்கென்றே போட்ட மாதிரி. எம்.டெக்., தரப் பரிசோதனை லேபில் ஆறு வருடம்.

கேன்டீனில் மஞ்சுளா: "அக்கா, நானும் அப்ளை பண்ணலாம்னு இருக்கேன்." பக்கத்து மேஜைக்காரி. ஊர் தொரப்பள்ளி. சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மைக்ரோமீட்டர் பிடித்து அளக்கச் சொல்லிக் கொடுத்ததே நான். "போடு, போடு" என்றேன். பாதித் தட்டோடு எழுந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

என் கிராஃப் முடிந்தது: லேபில் நான் அளந்த ஷாஃப்ட்டுகளின் விட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஒரு புள்ளிகூட அனுமதித்த லிமிட்டைத் தாண்டவில்லை. எப்படித் தாண்டும்? வெளியே போனால் திரும்ப அளப்போம், சரியாக வரும்வரை. கடைசி அளவுதான் ரிப்போர்ட்டில் ஏறும். லேப் வழக்கம்.

வாங்க: சீரகம், அம்மாவுக்கு மாத்திரை (மத்தூர் பஸ்ஸில் கொடுத்தனுப்ப), குடை.

ஜூலை 10, வியாழன்

"தப்பு இருந்தா சொல்லுங்கக்கா" என்று மஞ்சுளா தன் கிராஃபை நீட்டினாள். மூன்று புள்ளிகள் லிமிட்டுக்கு வெளியே. திரும்ப அளக்கவே இல்லை! கீழே எழுதியிருந்தாள்: "இவை மூன்றும் காலை ஷிஃப்ட்டின் முதல் மணியில் அளந்தவை. காரணம் தெரியவில்லை. மெஷின் குளிர்ந்திருந்ததா?"

தெரியவில்லையாம். மேனேஜர் பார்த்திருந்தால் கிழித்திருப்பார். அழித்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சூப்பரா இருக்குடி, அப்படியே அனுப்பு." சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவள் அந்தப் பக்கம் போய் வீட்டுக்கு போன் போட்டுத் தெலுங்கில் ஒரே சிரிப்பு. ஞாயிறு சர்ச்சில் பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம் உண்டு. இந்தப் பாவத்தை ஃபாதரிடம் சொல்வேனா? பார்க்கலாம்.

ஜூலை 13, ஞாயிறு

சொல்லவில்லை. மழை.

ஜூலை 22, செவ்வாய்

வீடியோவில் இன்டர்வியூ. கண்ணாடி போட்ட அம்மா ஒருவர். ஒரே கேள்வி: "எல்லாமே லிமிட்டுக்குள்ள இருக்கே. வெளிய வந்ததையெல்லாம் என்ன பண்ணீங்க?"

என் கிராஃபையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.

மஞ்சுளாவுக்கு முக்கால் மணி நேரமாம். அவ்வளவு நேரம் அப்படி என்னத்தைப் பேசினாளோ!

ஜூலை 25, வெள்ளி

வேலை அவளுக்குத்தான். லேப் முழுக்க மைசூர்பாக்கு. என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும்: "அந்த மூணு புள்ளியப் பத்தியேதான் கேட்டாங்க. பயந்துபோய் அழிச்சிடலாம்னுதான் இருந்தேன். அக்காதான் அப்படியே அனுப்புன்னாங்க. இல்லன்னா எனக்கு ஏது இந்த வேலை?" கண்ணில் தண்ணீர் வேறு.

மேனேஜர் எனக்கும் சேர்த்துக் கை தட்டச் சொன்னார். தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மதியம் ஒரு ஷாஃப்ட், அளவு லிமிட்டுக்கு வெளியே. திரும்ப அளந்தேன். உள்ளே வந்துவிட்டது.