மூலை உடைந்த கல்

ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்கா,

நலம். நீ கல்லூரியின் தலைமை அலுவலகத்துக்குப் போனபின் உன் நிலவியல் லேபைக் கட்டி மேய்ப்பவன் நான்தான். ஆனால் ஒரு சங்கடம். முதலாண்டுப் பிள்ளைகள் கற்களைப் பரிசோதிப்பதே இல்லை. மூலை உடைந்திருந்தால் குவார்ட்ஸ், பச்சை பெயின்ட் சொட்டியிருந்தால் கால்சைட். வருஷா வருஷம் பெட்டியில் அதே கற்கள் என்பதால் சீனியர்கள் சொல்லிக் கொடுத்த வித்தை. நேற்று சாலையோரம் பொறுக்கிய குவார்ட்ஸை நீட்டினேன். வகுப்பே திருதிருவென்று விழித்தது. குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும், ஆனால் கீறிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. "சார், இது நம்ம பெட்டியில இல்லையே" என்றாள் முன்பெஞ்சுப் பெண். பழைய கற்களை மாற்றப்போகிறேன்.

உன் தம்பி

ஆகஸ்ட் 9

அடேய் அவசரக்குடுக்கை,

கற்களை இப்போது மாற்றாதே. அடுத்த மாதம் தேர்வுக்குழு அங்கேதான் வருகிறது. அந்த லேபின் மதிப்பெண்களைக் காட்டித்தான் இயக்குநர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. எத்தனை வருஷம் நாயாய் அலைந்தேன் என்று உனக்குத் தெரியும். என் தலையில் மண்ணை அள்ளிப் போடாதே. குழு போனதும் என்ன வேண்டுமானாலும் செய். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்கா,

திட்டாதே, மாற்றிவிட்டேன். முன்பு நாலு பேருக்கு ஒரு கல். ஒருவன் கீறுவான், மற்ற மூவரும் பார்த்து எழுதுவார்கள். இப்போது ஆளுக்கொரு கல். வகுப்பில் விடை தப்பானால் மார்க் போகாது, காரணம் சொல்லாவிட்டால்தான் போகும் என்றேன். அதற்கப்புறம்தான் வாயே திறக்கிறார்கள். முன்பெஞ்சுக்காரி கால்சைட்டைக் குவார்ட்ஸ் என்று அடித்துச் சொன்னாள். பிறகு ஆசிட் விட்டாள், கால்சைட் மட்டுமே நுரைக்கிற மாதிரி நுரைத்தது. "இல்ல சார், நான் சொன்னது தப்பு" என்று அவளே சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பரீட்சையில் பாதிப் பேர் இன்னும் தேறவில்லை. குழு வந்தால் உனக்குத்தான் அடி, தெரியும். இருந்தாலும் இவர்களை மறுபடி ஏமாற்ற என்னால் ஆகாது. நடந்ததைக் குழுவிடம் நீயே முன்கூட்டிச் சொல்லிவிடேன்.

தம்பி

செப்டம்பர் 17

தம்பிக்கு,

குழு முடிவு சொல்லிவிட்டது. பதவி எனக்குத்தான்.

மதிப்பெண் ஏன் சரிந்தது என்று கேட்டார்கள். புதிய ஆசிரியருக்கு அனுபவம் போதாது என்றேன். அவர்களில் ஒருவர், "தப்பாச் சொன்ன பிள்ளைங்ககூட காரணத்தோட வாதாடினாங்களே, முன்னெல்லாம் இப்படிக் கிடையாதே" என்றார். நான் அடுத்த கோப்பை எடுத்து நீட்டினேன். உன்னை அலுவலகப் பணிக்கு மாற்றும் ஆணையில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். சம்பளம் குறையாது. அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டிருக்க வேண்டாம், உடம்புக்கும் நல்லது.

அன்புடன்,
அக்கா

அக்டோபர் 30

தம்பி,

இத்தோடு மூன்று கடிதம், ஒன்றுக்கும் பதில் இல்லை. வேலையை விட்டுவிட்டாய் என்று அம்மாதான் சொன்னாள். அவளிடம் பேசுகிறாய், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. புது ஆசிரியர் லேபில் பழைய கற்களையே வைத்துவிட்டார். மார்க் எல்லாம் நன்றாக வருகிறது. அதைச் சொல்லிப் பெருமைப்பட எனக்கு ஆள் இல்லை.

திட்டியாவது ஒரு வரி எழுதடா.

அக்கா