பாரூக்கு என்ற பெயருக்கு நான் சிரித்தது

டிசம்பர் 7, ஞாயிறு

தூறல், விட்டு விட்டு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் நின்றுவிட்டது. வினாடி வினாவுக்கு நடுவராக வர வேண்டிய வாத்தியார் கேட்டுக்கு அந்தப் பக்கம், நாங்கள் எல்லாம் இந்தப் பக்கம். பாஸ்டர் சுற்றிலும் பார்த்தார். கன்டெய்னர் யார்டில் கிரேன் சத்தத்துக்கு மேல் கத்திப் பிழைக்கிற நான் முன் வரிசையில் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு?

"டேனியல், நீங்களே நடத்திடுங்க. விடைத்தாள் இருக்கு, பார்த்துப் படிச்சா போதும்."

பத்தாவது பாஸ், அதுவும் இரண்டாம் முயற்சியில். இன்று நடுவர். சட்டையை டக் இன் பண்ணிக்கொண்டேன்.

பக்கத்துச் சபைகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் கிறிஸ்துமஸ் விழா. கடைசிச் சுற்றில் இரண்டு அணி. ஒன்று எங்கள் புராட்டஸ்டண்ட் சபை, அதில் என் மகள் ரூத். இன்னொன்று ராயபுரம் கத்தோலிக்கப் பிள்ளைகள், அதில் ஜெனி. என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன் மகள், பதினொன்றாவது படிக்கிறாள். இரண்டு அணியும் சமமாக நிற்கிறது. கடைசிக் கேள்வி ஜெனிக்கு: ஐந்து தீர்க்கதரிசிகளின் பெயர் சொல்.

"எசாயா, எரேமியா, பாரூக்கு, எசேக்கியேல், தானியேல்."

விடைத்தாளில் பெரிய தீர்க்கதரிசிகள் நாலு, சின்னவர்கள் பன்னிரண்டு. பாரூக்கு இல்லை. இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். கையில் மைக் இருந்ததே.

"பாரூக்கா? அது நம்ம மார்க்கெட் முனை பிரியாணிக் கடை பாய் பேராச்சே!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. ஒரு தடவை கூட்டம் சிரித்துவிட்டால் என் வாய் நிற்காது. "பாய் தீர்க்கதரிசியா? நேத்து குஸ்கா தீந்துடும்னு முன்னாடியே சொல்லலியே!" இன்னும் பெரிய சிரிப்பு. ஜெனி மட்டும் நின்றுகொண்டே, "இறைவாக்கினர் பாரூக்கு, மாமா. ஈஸ்டருக்குக் கோயில்ல நான்தான் வாசிச்சேன்" என்றாள். தீர்க்கதரிசியை அவர்கள் இறைவாக்கினர் என்பார்கள்.

"நீ வாசிச்சது மெனு கார்டா இருக்கும்மா."

தப்பு போட்டேன். கேள்வி எங்கள் அணிக்குத் தாண்டியது, எங்கள் சபைக்கு ஷீல்டு. பலர் என் முதுகில் தட்டினார்கள். வீட்டுக்கு வந்து வஞ்சிர மீன் குழம்பு, நல்ல தூக்கம். ஸ்டெல்லா சாப்பிடும்போது சொன்னது ஒன்றே ஒன்று: "நல்லா சிரிக்க வெச்ச." பாராட்டு என்று நினைத்துக்கொண்டு இன்னொரு துண்டு கேட்டேன்.

டிசம்பர் 8, திங்கள்

மழை இல்லை. கொடியில் துணி எல்லாம் அனல் மின் நிலையத்துச் சாம்பல் பொடி. கம்பூட்டில் வலது கால் ஒழுகுகிறது, மாற்றணும்.

டிபன் பாக்ஸ் பக்கத்தில் தடித்த புத்தகம் ஒன்று. ஸ்டெல்லா கல்யாணத்துக்கு முன்னால் வைத்திருந்த கத்தோலிக்க வேதாகமம். எங்கள் சபைக்கு வந்த பிறகு பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருந்தது. நடுவில் கொண்டை ஊசி செருகியிருந்த பக்கத்தைத் திறந்தேன். தலைப்பு: பாரூக்கு. ஒரு முழுப் புத்தகம், அதிகாரம் அதிகாரமாக.

"இதுல கீற ஆளு எந்தக் கடைல பிரியாணி போடறாருன்னு பாத்து சொல்லு" என்றாள். இட்லியைத் தட்டில் வைக்கவில்லை, போட்டாள்.

நம் வேதத்தில் இல்லையே என்று முனகினேன். "ஒன் வேதத்துலயும் கீறாரு. தேடு. கண்ணு நல்லாத்தானே கீது?"

தேடினேன். இருக்கிறார். எரேமியா சொல்லச் சொல்ல எழுதினவர். எழுதின சுருளைக் கூட்டத்தில் நின்று உரக்க வாசித்தவர். ராஜா அதைத் துண்டு துண்டாக அறுத்து நெருப்பில் போட்ட பிறகு மறுபடி முதலிலிருந்து எழுதினவர். பாருக்கு என்று என் வேதத்தில் எழுத்து கொஞ்சம் மாற்றம், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் சிவப்புப் பென்சில் கோடு. போட்டவன் நான். எப்போது, எதற்கு என்று ஞாபகம் இல்லை. படித்தவன் மாதிரி கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.

யார்டில் இன்று யாரிடமும் கத்தவில்லை. கிரேன் ஓட்டுகிற ஆள் இறங்கி வந்து, "இன்னாண்ணே, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டான்.

டிசம்பர் 9, செவ்வாய்

வாங்க: கொசுவத்தி, டியூப் லைட் ஸ்டார்டர், ஸ்டெல்லாவுக்குத் தலைவலித் தைலம். (தலைவலி நான். அதற்குத் தைலம் கிடையாது.)

ஷீல்டு வீட்டில் எங்கே என்று ரூத்திடம் கேட்டேன். செருப்பு ஸ்டாண்டைக் காட்டினாள்.

"ஜெனிய ஸ்கூல்ல இன்னான்னு கூப்பிடறாங்க தெரியுமா? பாய்னு. 'பாய், ஒரு சிக்கன் பார்சல்'. அன்னைக்கு யாரோ எடுத்த வீடியோ எல்லா குரூப்லயும் போயிச்சு. அதுல ஒங்க மூஞ்சி தெரியலப்பா, வாய்ஸ் மட்டும்தான். தெரியறது அவ மூஞ்சிதான்."

வருகிற ஞாயிறு கோயிலில் சாயங்காலப் பூசையில் முதல் வேத வாசகம் ஜெனியினுடையது. ஒன்றரை வருடமாக வாசிக்கிறாள், நல்ல குரல். இனி மேடை ஏற மாட்டேன், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பேரை எடுக்கச் சொல்லிவிட்டாளாம்.

அந்தப் பெண்ணின் வாயை நான் அடைத்திருக்கிறேன். மைக்கால்.

டிசம்பர் 10, புதன்

ரூத் போனில் தேடிப் படித்துக் காட்டினாள். எனக்காக இல்லை, என்னை மாட்டவைக்க. யூதர்களின் வேதத்தில் தானியேல் புத்தகம் இருக்கிறது, ஆனால் தீர்க்கதரிசிகள் பகுதியில் இல்லையாம். சங்கீதம், நீதிமொழிகளோடு வேறு பகுதியில் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பழைய ரபிகள், தானியேல் பெரிய பெரிய தரிசனம் கண்டவர்தான், ஆனாலும் தீர்க்கதரிசி இல்லை என்று எழுதியிருக்கிறார்களாம். பார்த்தால் மட்டும் போதாதாம். போய் ஜனங்களிடம் சொல்லு என்று அனுப்பப்பட்டிருக்க வேண்டுமாம்.

"தானியேல்னா டேனியல்தானே? அப்போ என் பேரே அவங்க லிஸ்ட்ல இல்லியா?"

"இல்லப்பா. சாராள் கீறாங்க, எஸ்தர் கீறாங்க, அன்னாள் கீறாங்க. நீங்க இல்ல."

பாருக்கு? அவரைச் சிலர் சேர்த்திருக்கிறார்களாம். வேறு சிலர், பாவம் அவர் கேட்டும் அந்த வரம் கிடைக்கவில்லை, எழுத்தராகவே இருந்துவிட்டார் என்கிறார்களாம். அவர் பேரில் உள்ள புத்தகம் மட்டும் யூதர்களிடமும் இல்லை. ஆக, கத்தோலிக்கருக்கு ஆளும் உண்டு, புத்தகமும் உண்டு. யூதருக்கு ஆள் உண்டு, புத்தகம் இல்லை, ஆளிலும் தகராறு. நமக்கு ஆள் வெறும் எழுத்தர். இத்தனை நூற்றாண்டாகப் பெரிய பெரிய தாடிக்காரர்கள் உட்கார்ந்து முடிக்காத வழக்கு. நான் குஸ்காவை வைத்து முடித்தேன்.

மாலை பாஸ்டர் வீடு. தீர்ப்பை மாற்ற வேண்டும் என்றேன்.

"விடைத்தாள் நான் தயாரிச்சது, டேனியல். அந்தப் புத்தகம் நம்ம வேதாகமப் பட்டியல்ல கிடையாது. தானியேலைத் தீர்க்கதரிசின்னு ஆண்டவரே சொல்லியிருக்கார், அதனால அவர் உண்டு. இதுல மாத்த ஒண்ணும் இல்ல."

"நம்ம விடைத்தாளு நமக்கு சரி, பாஸ்டர். அந்தப் பொண்ணு அது கோயில் விடைய சொல்லிச்சு. எல்லாரையும் கூப்ட்டு வெச்சி நம்ம தாளால திருத்தனா எப்படி?"

நான் பேசியதா என்று எனக்கே சந்தேகம். பாஸ்டர் நல்ல மனிதர், காபி கொடுத்தார். "சிரிச்சது தப்பு. அதை வேணா சொல்லுங்க. தீர்ப்பு அப்படியே இருக்கட்டும்."

டிசம்பர் 11, வியாழன்

பாய் கடை வழியாகப் போகக் கூடாது என்று சுற்றிப் போனேன். அவர் எதிரில் வண்டியில் வந்தார்.

"இன்னா டேனியலு, என்னை நபியாக்கிட்டியாமே?"

"மன்னிச்சிக்கோ பாய்."

"எனக்கு இன்னா நைனா, வியாபாரம் கொஞ்சம் கூடிக்கீது. அந்தப் புள்ள நேத்து அவங்க அப்பாவோட வந்துச்சு. எப்பவும் கவுண்டர்ல வந்து சிரிச்சிகினு கேக்கும். நேத்து வண்டியிலயே உக்காந்துகிச்சு, எறங்கல. கடைல இருந்த பசங்க பாத்துகினு இருந்தானுங்க." வண்டியை மறுபடி ஸ்டார்ட் பண்ணினார். "வேற ஆளு பேரே கெடைக்கலியா ஒனக்கு?"

ஸ்டார்டர் வாங்க மறந்தேன்.

டிசம்பர் 12, வெள்ளி

ராயபுரம். மச்சான் அந்தோணி வீடு. அவர் ஐஸ் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்து லுங்கி மாற்றிக்கொண்டிருந்தார். "வுடு மச்சான், சின்னப் பசங்க மேட்டரு" என்றார். ஆனால் உட்காரு என்று சொல்லவில்லை.

ஜெனி உள் அறை வாசலில் வந்து நின்றாள். யோசித்து வைத்துக்கொண்டு போனது வேறு. வாயைத் திறந்தால் ஜோக்குதான் வருகிறது. "இன்னாம்மா, நடுவருக்கு நடுவரு யாரு, நீதானா" என்று ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

"ஜோக் அடிக்காம ஒரு தபா சொல்லுங்க மாமா. முடியுதா பாக்கலாம்."

மீன் மார்க்கெட் சத்தம் கேட்கிறது, மச்சான் சொம்பில் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்கிறது.

"நீ சொன்னது தப்பு இல்ல. நான்தான் தப்பு. எனக்கு ஒண்ணும் தெரியாது, தெரியாததை மறைக்கத்தான் சிரிச்சேன்."

எழுதும்போதுதான் தெரிகிறது, அது உண்மை. சொல்லும்போது தெரியாது.

"இங்க நாலு சுவரு கேட்டுச்சு. அங்க எத்தினி பேரு கேட்டாங்க மாமா?"

உள்ளே போய்விட்டாள். மச்சான் வாசல் வரை வந்தார். "ஒங்க ஆளுங்க எங்களை வேதம் தெரியாதவங்கன்னு சொல்றது புதுசு இல்ல மச்சான். வூட்டு ஆளே சொன்னதுதான் பேஜாராப் பூட்ச்சு. ஜெனி வாசிக்கிற அன்னைக்கு அவங்கம்மா பூ வாங்கி வெப்பா. இந்த வாரம் வாங்கல."

ஸ்டெல்லாவிடம் வந்து சொன்னேன். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள். கல்யாணமான புதிதில் அவள் ஜெபமாலையைப் பார்த்து நான் என்ன ஜோக் அடித்தேன் என்று நினைவிருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. "எனக்குக் கீது" என்றாள். சொல்ல மாட்டேன் என்று விட்டாள். ஜோக் மறந்துவிட்டது, ஆனால் அன்றைக்கு அவளும் சிரித்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

டிசம்பர் 14, ஞாயிறு. மதியம்

வெயில். காலை ஆராதனையில் அறிவிப்பு நேரம். எப்போதும் நான்தான் வாசிப்பேன். வாலிபர் கூட்டம், கேக் ஆர்டர், கேரல் ரவுண்டு எல்லாம் முடித்தேன். பிறகு சொன்னேன். போன வாரம் வினாடி வினாவில், பாருக்கு என்ற பேரைச் சொன்ன பெண்ணைப் பார்த்து நான் சிரித்தேன், அந்தப் பேர்...

பேரைச் சொன்னதுமே சிரிப்பு. முதலில் பின் வரிசைப் பையன்கள், பிறகு அக்காமார்கள், பிறகு பாதிச் சபை. டேனியல் அண்ணன் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று. ஒருவர் "குஸ்கா!" என்று எடுத்துக்கொடுத்தார். என் பிழைப்பே இப்படி. மன்னிப்புக் கேட்டாலும் கைதட்டுகிறார்கள்.

வழக்கமாக நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். வாய் கோணிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன். அடங்கிற்று. அப்புறமும் நின்றேன், அது வரைக்கும் என் வாழ்நாளில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் பேசாமல் இருந்ததில்லை.

"இது ஜோக் இல்ல" என்றேன். "பாருக்கு நம்ம வேதத்துலயும் இருக்காரு, எரேமியாவுல பாருங்க. கத்தோலிக்கச் சபையில அவரை இறைவாக்கினர்னு சொல்லி வாசிக்கிறாங்க. அந்தப் பொண்ணு தன் சபையில கேட்டதைச் சரியா சொல்லிச்சு. அவர் தீர்க்கதரிசியா, இல்லியான்னு தீர்ப்பு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. சிரிக்கவும் யோக்கியதை இல்ல. அந்த வீடியோவ வெச்சிருக்கிறவங்க அழிச்சிடுங்க. என் பொண்ணு ஷீல்டைத் திருப்பிக் கொடுக்கறா."

யாரும் சிரிக்கவில்லை. அது சிரித்ததைவிட மோசமாக இருந்தது. பாஸ்டர் பாட்டு நம்பரைச் சொன்னார், தப்பான நம்பர். வெளியே வரும்போது ஒரு மூப்பர், "இவ்ளோ தூரம் போவணுமா தம்பி? நம்மளையே கலீஜ் பண்ணிட்டியே" என்றார். இன்னொருவர் கை கொடுக்காமல் போனார். ரூத் யாரிடமோ, "ஆமா, எங்கப்பாதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. என்ன குரலில் என்று சரியாகக் கேட்கவில்லை.

அதே நாள், இரவு சாப்பாட்டுக்கு முன்

சாயங்காலப் பூசைக்கு ராயபுரம் போனோம். ஸ்டெல்லா அந்தக் கோயில் வாசலில் தண்ணீர் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள், யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லாத மாதிரி. நான் எப்போது எழுந்திருப்பது, எப்போது முட்டி போடுவது என்று தெரியாமல் முன் வரிசை ஆளைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அவரும் லேட்.

முதல் வாசகம். ஒருவரும் வரவில்லை. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஜெனி எழுந்தாள். தலையில் பூ இல்லை. காலையில் நான் பேசியது அவளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. ரூத் சொல்லியிருப்பாள்.

"இறைவாக்கினர்..." என்று ஆரம்பித்து நின்றாள். எங்கோ பின்னால் ஒரு பையன் மூக்கால் சிரித்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு முதலிலிருந்து, இன்னும் உரக்க, "இறைவாக்கினர் எசாயா நூலிலிருந்து வாசகம்."

முழுதும் வாசித்தாள். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தபோது அத்தையிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். என்னைப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் செருப்பைத் தேடுவது மாதிரி நின்றேன். செருப்பு காலில்தான் இருந்தது.

பஸ்ஸில் ஸ்டெல்லா சொன்னாள்: "கேக்கறா. 'மாமா இன்னைக்கு மட்டும் வந்தாரா, இல்ல அடுத்த வாரமும் வருவாரா'ன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"தெரியாதுன்னேன். அடுத்த வாரமும் அவதான் வாசிக்கிறாளாம்."

வருகிற ஞாயிறு எனக்கு யார்டில் சாயங்கால டூட்டி. நாளைக்குப் போனதும் முதல் வேலையாக மாற்றிக் கேட்கணும்.