மூடி திறக்காத தாப்பாய்

செப்டம்பர் 8, திங்கள்

இத்தனை நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள், ஜோனதன். அமண்டா இப்போதுதான் கண்ணை மூடினாள். நீங்கள் கூலிம் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது நான் தூக்கத்தில் இருப்பேன். நான் எழும்போது நீங்கள் குறட்டை. என் டைரியை உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதவேண்டியிருக்கிறது.

பீடோங் கிளினிக்கில் கணக்கு வேலை. ஞாயிறு காலை இன்டர்வியூவுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் அமண்டாவின் தொட்டிலுக்கு ஓடினேன். எட்டு மாதக் குழந்தையை விட்டுவிட்டா? பக்கத்து வீட்டு தேவகி அக்கா பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர்தான். இருந்தாலும் — கடைக்குப் போனாலே ஓயாமல் போன் செய்கிறவள் நான்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா கொல்லைக்கு இழுத்துப் போனார். வேலியோரம் நாம் நட்ட மரவள்ளியைப் பிடுங்கினோம். தோலுரித்து வேகவைத்து, நன்றாக ஆறவிட்டு, ரகி என்ற ஈஸ்ட் வில்லையைப் பொடித்துத் தூவி, ரப்பர் இலையில் மடித்துப் பானையில் அடுக்கினோம். உள்ளேயே நொதித்து, இனித்துத் தாப்பாய் ஆகும்.

"புதன்கிழமை வரைக்கும் மூடிய தொடக்கூடாது. தொட்டா கெட்டுப்போயிரும்."

"ஒரே ஒரு தடவ பாத்தா?"

"பாக்காத லா."

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒரே ஒரு தடவை பார்த்தேன்.

செப்டம்பர் 10, புதன்

ஒரு தடவை இல்லை. அமண்டா மூச்சு விடுகிறாளா என்று பார்க்கும்போதெல்லாம், அப்படியே நடந்து போய் அதையும் பார்த்தேன். இன்று இலையெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். கிட்டே போக முடியாத புளிச்ச நாற்றம்.

"என்ன ஸ்டெஃபி, பானைக்கு டயப்பர் மாத்துனியா?" என்றார் அக்கா.

உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அழுகைதான் வந்தது. ஒரு பானைய ரெண்டு நாள் சும்மா விட முடியல. புள்ளைய எப்படி விடுவேன்? கிளினிக்குக்கு 'வரவில்லை' என்று டைப் செய்தேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

புதன்கிழமைப் பக்கத்தின் கீழே நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்தேன். "உன் இஷ்டம்." என் இஷ்டம் என்னவென்று தெரிந்தால் உங்களிடம் ஏன் புலம்பப் போகிறேன்?

மிச்சக் கிழங்கையும் பிடுங்கி மறுபடி செய்தோம். இந்தத் தடவை பானையை அக்கா தன் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். "இது எங்கூட்லயே இருக்கட்டும். ஒங் கை சும்மா இருக்காது."

செப்டம்பர் 14, ஞாயிறு

ராத்திரி முழுக்க உழைத்துவிட்டு வந்த உங்களை எழுப்ப மனம் வரவில்லை. பால் கொடுத்துவிட்டு அமண்டாவை அக்காவிடம் தூக்கிப் போனேன். அழுதாள். திரும்பிப் பார்க்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டேன்.

கிளினிக்கில் ஒரு மாதக் கணக்கைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். எங்கோ இடித்தது. தேடிக் கண்டுபிடித்தேன். ஜோ, அவ்வளவு நேரமும் வீட்டு நினைப்பே வரவில்லை. வெளியே வந்து பையைத் திறந்தால் அக்காவின் மிஸ்ட் கால், வரிசையாக. உடனே கூப்பிட்டேன்.

"என்னாச்சுக்கா?"

"இங்க ஒன்னும் ஆவல. ஒங்கிட்டேருந்து போனே வரல, எங்கயாச்சும் விழுந்து கெடக்குறியோன்னு பயந்துட்டேன்."

கிளினிக் வாசலில் நின்று தனியாகச் சிரித்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

வீட்டுக்கு வந்தபோது அமண்டா தலையெல்லாம் கஞ்சியோடு அக்காவின் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், சிரித்தாள், மறுபடி கோழிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்சம் வலித்தது. நிறைய நிம்மதி.

பிறகுதான் பானையைத் திறந்தோம். இலையைப் பிரித்ததும் சாறு சொட்டியது. தேன் போல வாசம். கள் மாதிரி லேசான போதை இருக்குமாம்; பால் கொடுப்பதால் நான் நுனிநாக்கில் மட்டும் வைத்துப் பார்த்தேன். உங்கள் பங்கு ஃபிரிட்ஜில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு நேராகப் படுங்கள், மோட்டாரைத் தொடவேண்டாம்.

மாலையில் கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். அடுத்த மாதம் சேரலாமாம். நாளைக்குப் பதில் சொல்லவேண்டும்.

போகணும்னு ஆசையா இருக்கு, ஜோ. ராத்திரியிலாவது மூன்று பேரும் ஒன்றாக இருக்க, நீங்கள் பகல் ஷிப்டுக்கு மாற முடியுமா? என்ன நினைக்கிறீர்கள் என்று இதன் கீழேயே, தூங்கப் போகுமுன் எழுதிவிடுங்கள்.